ஸ்கேன் கருவிக்கும் சி.வி.ராமனுக்கும் என்ன சம்பந்தம்? அல்ட்ராசவுண்டைக் கண்ணால் பார்க்க வைத்த கணக்கு!

அதிராம்பட்டினத்தில் கர்ப்பிணி ஒருவர் ஸ்கேன் எடுக்கப் போகிறார். முதலில் படம் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது. டாக்டர் ஃபோகஸை மாற்றியதும் குழந்தையின் விரல்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. இந்த ஃபோகஸ் சரியான இடத்தில் விழுகிறதா என்று ஆய்வகத்தில் சோதிக்கும் ஒரு முறைக்கு அடிப்படை, காவிரிக் கரையில் பிறந்த ஒருவர் சுமார் 90 வருஷத்துக்கு முன் தந்த விளக்கம். அவர் சர் சி.வி.ராமன்.

மிருதங்கத்தில் தொடங்கிய ஆர்வம்

1888 நவம்பர் 7-ல் திருச்சி அருகே திருவானைக்காவலில் பிறந்தார் ராமன். பூர்வீகம் தஞ்சை மாவட்டத்து விவசாயக் குடும்பம். 1907-ல் கொல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி ஆனார். ஆபீஸ் நேரம் போக மிச்சமெல்லாம் ஆய்வகத்தில்தான்!

அப்போது அவரை இழுத்தது ஒலி. வயலின், வீணை, மிருதங்கம் என ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். மிருதங்கத் தோலின் நடுவே இருக்கும் கருப்புப் பூச்சுதான் அதற்குச் சுருதியான நாதத்தைத் தருகிறது என்று காட்டினார். 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு. ஆனாலும் ஒலியை அவர் விடவில்லை.

நெருக்கடியில் பிறந்த விளக்கம்

1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். இயற்பியலுக்கே எல்லாம் போகிறது, மற்ற துறைகள் வாடுகின்றன என்று புகார் கிளம்பியது. விசாரணைக் குழு வந்தது. 1937-ல் இயக்குநர் பதவியை விட்டு விலகினார்.

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த 1935-36-ல்தான், இளம் ஆய்வாளர் நாகேந்திர நாத்துடன் சேர்ந்து ஐந்து கட்டுரைகளை வெளியிட்டார்.

அல்ட்ராசவுண்ட் பாயும் திரவத்தின் வழியே ஒளி போனால் அது பல கீற்றுகளாகப் பிரியும். 1932-லேயே அமெரிக்காவிலும் பிரான்சிலும் இதைப் பார்த்துவிட்டார்கள். ஏன் இத்தனை கீற்றுகள் என்பதுதான் புதிர். ஒலி போகும்போது திரவம் ஓரிடத்தில் நெருங்கும், அடுத்த இடத்தில் தளரும். நெருங்கிய இடத்தில் ஒளி சற்றுத் தாமதிக்கும். அதனால் நேராக வந்த ஒளி அலை நெளிந்து, பல திசைகளில் பிரிகிறது. இதுதான் ராமன்-நாத் கோட்பாடு.

ஸ்கேனுக்கு இதில் என்ன வேலை?

புரோபுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு படிகத் துண்டுகள் வரிசையாக இருக்கும். ஓரத்தில் இருப்பவை முதலில் ஒலியை அனுப்பும், நடுவில் இருப்பவை நொடியில் மிகச் சிறு பங்கு தாமதித்து அனுப்பும். தூரத்தில் இருப்பவர் முன்னாடியே கிளம்பினால்தானே எல்லோரும் ஒரே நேரத்தில் பந்திக்கு வந்து சேர முடியும்? அதே கதைதான். எல்லா அலைகளும் ஒரே புள்ளியில் சேரும்போது ஒலிக்கற்றை அங்கே ஒடுங்குகிறது. கற்றை எவ்வளவு ஒடுங்குகிறதோ, பக்கத்துப் பக்கத்துல இருக்கும் இரண்டு புள்ளிகள் அவ்வளவு தெளிவாகப் பிரிந்து தெரியும்.

தண்ணீர்த் தொட்டியில் புரோபை வைத்து, குறுக்கே ஒளியைப் பாய்ச்சினால் கற்றை ஒடுங்கும் இடமும், பக்கவாட்டில் சிதறும் ஒலியும் படமாகவே தெரியும். அந்தப் படத்தைப் புரிந்துகொள்ள உதவுவது ராமன்-நாத் கணக்கு.

ஸ்கேன் கருவியை ராமன் கண்டுபிடிக்கவில்லை. அது 1950-களில் ஸ்காட்லாந்து டாக்டர் இயான் டொனால்டு போன்றவர்களின் உழைப்பு. 1970 நவம்பர் 21-ல் ராமன் மறைந்தார். பதவிக்காக நடந்த சண்டை இன்று பலருக்கு நினைவில்லை. அந்தச் சண்டைக்கு நடுவே போட்ட கணக்கு மட்டும் இன்னும் வேலை செய்கிறது.