புதுக்கோட்டை ரோட்டில் டி.வி.எஸ் விட்ட பஸ்

நம்ம காலேஜ் பைக் ஸ்டாண்டில் சும்மா ஒரு நடை நடந்தா டி.வி.எஸ்ங்கிற பேரைப் பார்க்காம வர முடியாது. அந்த மூணு எழுத்துக்குப் பின்னால் ஒரு மனுஷர் இருக்கார்: திருக்குறுங்குடி வெங்கராம சுந்தரம் ஐயங்கார். அவரோட மோட்டார் தொழில் ஆரம்பிச்சது சென்னையிலோ மதுரையிலோ இல்லை, தஞ்சாவூர் – புதுக்கோட்டை ரோட்டில்.

1877இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். முதலில் வக்கீல் தொழில், அப்புறம் ரயில்வே, அப்புறம் பேங்க். எதிலும் மனசு ஒட்டலை. 1912இல், 35 வயசில், பஸ் விட இறங்கினார். அப்போ புதுக்கோட்டை தொண்டைமான் சமஸ்தானம். ரயில் வந்ததே 1929இல்தான். தஞ்சாவூர் சுமார் 60 கிலோமீட்டர். மாட்டு வண்டி மணிக்கு 4 கிலோமீட்டர்னு வெச்சுக்கிட்டா 15 மணி நேரம், அதுவும் மாட்டுக்கு ஓய்வே குடுக்காம!

பஸ் வாங்குறது ஒரு கஷ்டம்னா, அதை ஓட வைக்கிறது அதைவிடப் பெரிய கஷ்டம். இன்னைக்கு ஆட்டோமேட்டிக் கார் வெச்சிருக்கிறவர் கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும்னா சர்வீஸ் சென்டருக்குப் போகலாம், தெரிஞ்சா வீட்டு வாசலிலேயே மாத்திக்கலாம். அன்னைக்குச் சர்வீஸ் சென்டரே கிடையாது. பஸ் முதலாளியேதான் பட்டறையும் நடத்தணும், பார்ட்ஸும் சேர்த்து வைக்கணும், மெக்கானிக்கையும் உருவாக்கணும். ரோடு முழுக்க மாட்டு லாட ஆணி வேற. அதைப் பொறுக்க, காந்தம் கட்டின வண்டியை முன்னால் ஓட விட்டார்னு சொல்வாங்க. டி.வி.எஸ் பஸ்ஸைப் பார்த்து ஜனங்க கடிகாரத்தைத் திருத்திப்பாங்கங்கிற பேச்சும் உண்டு. அந்தப் பேருக்குக் காரணம் டிரைவரோட வேகம் இல்லை, பட்டறையோட ஒழுங்குதான்னு எனக்குத் தோணுது.

அந்தப் பட்டறைக்கு நிஜமான பரீட்சை இரண்டாம் உலகப் போரில் வந்தது. 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்னுபோச்சு. பெட்ரோல் இல்லாம பஸ் நின்னா ஊரும் நிக்கும். சுந்தரம் ஐயங்கார் டி.வி.எஸ் கேஸ் பிளான்ட்னு ஒன்றைத் தயாரிச்சார். பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரி!

இதோட கெமிஸ்ட்ரி நமக்குத் தெரிஞ்சதுதான். மூடின உலையில் கரியைக் குறைஞ்ச காற்றில் எரிச்சா முதலில் கார்பன் டை ஆக்சைடு வரும். அது தகிக்கிற கரி வழியாப் போகும்போது கார்பன் மோனாக்சைடா மாறும். அதுதான் எரிபொருள். ஆனா காற்றில் இருந்த நைட்ரஜனும் கூடவே வர்றதால சக்தி கம்மி, மேட்டில் வண்டி திணறும். வாயுவை அப்படியே சிலிண்டருக்குள் விடவும் முடியாது. சூடா இருந்தா அடர்த்தி குறைஞ்சு இன்னும் பவர் போயிடும், அதனால் ஆற வைக்கணும். சாம்பலும் கரித்தூளும் உள்ளே போனா பிஸ்டன் ரிங் தேயும், இன்ஜின் ஆயில் குழம்பாகும். அதனால் ஃபில்டர் வேணும், அதை அடிக்கடி தட்டிச் சுத்தம் பண்ணணும். ஒரு நாள் சோம்பல் பட்டாலும் இன்ஜின் காட்டிக் கொடுத்துடும். இதுக்கு மேல, கசிஞ்சா ஆளையே கொல்ற வாயு. இத்தனையையும் சமாளிச்சுத்தான் போர்க்காலத்தில் கரி வண்டிகள் ஓடின. தேய்ஞ்ச டயரை ரீட்ரெட் பண்ற வேலையிலும் அவர் இறங்கினார். புது டயருக்குக் காத்திருந்தா கதை நடக்காதே!

இன்ஜின் விஷயத்தில் இவ்வளவு துணிஞ்சவருக்கு வீட்டில் ஒரு சிக்கல். மகள் சௌந்தரம் சின்ன வயசிலேயே கணவரை இழந்தவர். டெல்லியில் டாக்டருக்குப் படிச்சார். அங்கே ஜி. ராமச்சந்திரனைக் கல்யாணம் பண்ணிக்க விரும்பினார். விதவை மறுமணம், ஜாதியும் வேற. பெத்தவங்களுக்குச் சம்மதமில்லை. 1940இல் காந்தி முன்னிலையில் கல்யாணம் நடந்தது. பிற்காலத்தில் காந்திகிராமத்தை உருவாக்கினது அந்த மகளும் மருமகனும்தான். மகளைப் படிக்க வைக்கத் துணிஞ்ச அப்பா, மறுமணத்தில் தயங்கி நின்னார். இதை மறைச்சு அவர் கதையைச் சொன்னா அது பாதிக் கதைதான்.

தொழிலை மகன்கள்கிட்ட ஒப்படைச்சுட்டு ஒதுங்கினவர், 1955 ஏப்ரல் 28இல் கொடைக்கானலில் காலமானார். கந்தர்வகோட்டை சந்தைக்கு மூட்டை ஏத்திட்டுப் போற டி.வி.எஸ் 50 வெளிவந்தது 1980இல். அதைப் பார்க்க அவர் இல்லை.