ஆல்மன் சுட்ரோச்சர்

ஆல்மன் பிரௌன் சுட்ரோச்சர் (பெப்ரவரி 11, 1839 – மே 26, 1902) தன்னியக்கத் தொலைபேசி இணைப்பகத்தைக் கண்டுபிடித்த அமெரிக்கர் ஆவார். இயக்குநர் ஒருவரின் உதவியின்றி, அழைப்பவரே தமக்கு வேண்டிய எண்ணைத் தெரிவு செய்யும் முறை இவரால் நடைமுறைக்கு வந்தது.

வாழ்க்கை

இவர் நியூயார்க் மாநிலத்தின் பென்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குதிரைப்படையில் பணியாற்றினார். பின்னர் கேன்சசு நகரில் இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளராகத் தொழில் நடத்தினார். மின்பொறியியலில் இவர் முறையான பயிற்சி பெற்றவர் அல்லர்.

அக்காலத்தில் ஒவ்வொரு அழைப்பையும் இணைப்பகத்திலிருந்த இயக்குநரே கையால் இணைத்தார். தமக்கு வரவேண்டிய அழைப்புகள் போட்டியாளருக்குத் திருப்பிவிடப்படுவதாகச் சுட்ரோச்சர் ஐயுற்றார். போட்டியாளரின் உறவினரே அங்கு இயக்குநராக இருந்தார் என்ற செய்தி பல வடிவங்களில் கூறப்படுகிறது. இணைக்கும் பணியை எந்திரத்திடம் ஒப்படைப்பதே இதற்குத் தீர்வு என இவர் கருதினார்.

கண்டுபிடிப்பு

1889 இல் விண்ணப்பித்த காப்புரிமை மார்ச் 10, 1891 அன்று கிடைத்தது. பின்னர் பரவலான வடிவில், பத்து வரிசைகளில் வரிசைக்குப் பத்தாக 100 தொடுமுனைகள் வளைவாக அமைந்தன. மின் துடிப்புகளுக்கேற்ப ஒரு கரம் முதலில் மேலேறி வரிசையையும், பின்பு பக்கவாட்டில் சுழன்று முனையையும் அடையும். எடுத்துக்காட்டாக, 47 என்ற எண்ணுக்குக் கரம் நான்கு படி ஏறி, ஏழு படி திரும்பும்.

நவம்பர் 3, 1892 அன்று இந்தியானா மாநிலத்தின் லா போர்ட்டே நகரில் சுமார் 75 பயனர்களுடன் முதல் வணிக இணைப்பகம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் பயனர்கள் விசைகளை அழுத்தியே துடிப்புகளை அனுப்பினர். சுழல்வட்டு, இவரது நிறுவனத்தின் பொறியாளர்களால் 1896 இல் உருவாக்கப்பட்டது.

பிற்காலம்

சுட்ரோச்சர் தம் காப்புரிமைகளை 1896 இல் 1,800 டாலருக்கும், நிறுவனப் பங்கை 1898 இல் 10,000 டாலருக்கும் விற்றார். 1916 இல் பெல் நிறுவனம் அதே காப்புரிமைகளுக்கு 25 இலட்சம் டாலர் வழங்கியது. அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே இவர் புளோரிடாவின் செயின்ட் பீட்டர்சுபர்க்கில் காலமானார்.

இந்தியாவில்

இந்தியாவின் முதல் தன்னியக்க இணைப்பகம் 1913–14 இல் சிம்லாவில் நிறுவப்பட்டது. விடுதலைக்குப் பின், பெங்களூரில் 1948 இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிலகம் சுட்ரோச்சர் வகைக் கருவிகளைத் தயாரித்தது. 1960 இல் இலக்னோ–கான்பூர் இடையே இயக்குநரின்றி நேரடியாக வெளியூருக்கு அழைக்கும் வசதி தொடங்கியது. சேலத்துக்கு 0427, நாமக்கல்லுக்கு 04286 என்னும் குறியெண்கள் இம்முறையின் பகுதிகளே. அழைப்பவர் தரும் எண்ணே அழைப்பின் வழியை முடிவு செய்கிறது.

இன்றைய தொடர்ச்சி

ஆலைகள், மருத்துவமனைகள், கல்லூரிகள் ஆகியவற்றின் உள் இணைப்பகங்களில் இன்று நகரும் கரங்கள் இல்லை. இணையவழிக் குரல் இணைப்பகத்தில், ஒவ்வொரு நீட்டிப்பு எண்ணும் எந்த இணைய முகவரியில் உள்ளது என்பதை மென்பொருள் பதிந்து வைக்கிறது. எண் அழுத்தப்பட்டதும் அம்முகவரியைத் தேடி அழைப்பை ஏற்படுத்துகிறது. குரல் சிறு தரவுப் பொதிகளாக வலையமைப்பில் செல்கிறது. 1999 இல் தொடங்கப்பட்ட ஆஸ்டெரிஸ்க் என்னும் திறமூல மென்பொருள், சாதாரணக் கணினியையே இத்தகைய இணைப்பகமாக மாற்ற வழிசெய்தது. கருவி மாறினாலும், இணைப்பைத் தெரிவு செய்யும் உரிமை அழைப்பவருக்கே உரியது என்ற சுட்ரோச்சரின் அடிப்படைக் கருத்து மாறவில்லை.