தன் தலைவலிக்கே ஸ்பீடு கணக்கு போட்டவர்!

நெட்டப்பாக்கத்திலிருந்து மடுகரை பக்கம் டூவீலரில் போயிட்டு இருக்கீங்க. மே மாத வெயில். திடீர்னு பார்வையின் நடுவில் ஒரு சின்னப் புள்ளி மினுங்குது. வண்டியை ஓரம் கட்டிக் கண்ணைத் தேய்க்கிறீங்க, போகலை. அஞ்சு நிமிஷத்தில் அது ரம்பப் பல் மாதிரி வளைந்த கோடாகி, மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகருது. கோட்டுக்கு உள்பக்கம் எதுவுமே தெரியலை. இருபது நிமிஷத்தில் எல்லாம் மறைஞ்சு, அதுக்கப்புறம் மண்டை பிளக்க ஆரம்பிக்குது.

வீட்டில் சொன்னால், பித்தம் ஏறிடுச்சுன்னு எலுமிச்சை ஜூஸ் கொடுப்பாங்க. டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ஆரா. ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன் இருப்பவர்களில் மூன்றில் அல்லது நான்கில் ஒருவருக்கு இது வரும். கண்ணை மூடினாலும் தெரியும். ஏன்னா கோளாறு கண்ணில் இல்லை, மூளையில்.

இந்த ரம்பக் கோடு தனக்கு வந்தபோது பயப்படாமல் பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார் ஒருவர். பெயர் கார்ல் ஸ்பென்சர் லாஷ்லி. மூளை அறிவியல் படிக்கும் யாரும் இவரைத் தாண்டிப் போக முடியாது.

1890-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், டேவிஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர் லாஷ்லி. வீட்டுக்கு ஒரே பிள்ளை. அம்மா புத்தகப் பிரியர். கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும்போது தவளை மூளையின் பழைய கண்ணாடி ஸ்லைடுகள் சில அவர் கையில் கிடைத்தன. நேரே பேராசிரியரிடம் போய், இதில் எந்த செல் எந்த செல்லோடு இணைகிறது என்று முழுசா வரைந்துவிடுகிறேன், அப்புறம் தவளை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும் என்றாராம். அந்த ஸ்லைடுகளில் எல்லா செல்லும் சாயம் ஏறித் தெரியாது என்று அவருக்கு அப்போதுதான் சொன்னார்கள். பையனுக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால், அந்த ஆசை கடைசிவரை விடவில்லை.

1914-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். நடத்தை உளவியலைத் தொடங்கிவைத்த ஜான் வாட்சனோடு சேர்ந்து, ஃப்ளோரிடாவுக்குத் தெற்கே உள்ள தீவுகளில் கடல் ஆலாக்கள் எப்படிக் கூடு திரும்புகின்றன என்று ஆராய்ந்தார். பிறகு மினசோட்டா, சிகாகோ, 1935 முதல் ஹார்வர்டு. நடுவில் ஓய்வு கிடைத்தால் செல்லோ வாசிப்பார்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது எலிகள். புதிர்ப்பாதை ஒன்றில் எலிகளைப் பழக்குவார். அப்புறம் மூளையில் கொஞ்சம் நீக்கிவிட்டு, பாதை ஞாபகம் இருக்கிறதா என்று பார்ப்பார். எந்த இடத்தை வெட்டினோம் என்பதைவிட எவ்வளவு வெட்டினோம் என்பதுதான் முக்கியம் என்று 1929-ல் புத்தகமே எழுதினார். முப்பது வருஷம் தேடியும் ஞாபகம் உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும் சிக்கவே இல்லை. மூளையில் இதற்கு இந்த இடம் என்று கோடு போட்டுப் பிரிப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வேடிக்கை என்னன்னா, மூளையின் வரைபடத்தை நம்பி அவர் போட்ட ஒரு கணக்குதான் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

ஒருநாள் நண்பரோடு பேசிக்கொண்டிருக்கிறார். முகத்துக்குச் சற்று வலப்பக்கம் பார்வை போனதும் நண்பரின் தலையைக் காணோம்! தோளும் கழுத்தில் கட்டிய டையும் அப்படியே இருக்கு. தலை இருக்க வேண்டிய இடத்தில், பின்சுவர் வால்பேப்பரின் நெட்டுக்கோடுகள் டை வரைக்கும் இறங்கி வந்திருந்தன. பார்வை இல்லாத ஓட்டையை மூளை தானாகவே வால்பேப்பரை வைத்து அடைத்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். லாஷ்லி உடனே அந்தக் குருட்டுப் பகுதியை அளந்து பார்த்தார்.

ஆரா வரும்போதெல்லாம் இதே வேலை. பேப்பரில் ஒரு புள்ளியை உற்றுப் பார்த்தபடி, ரம்பக் கோடு எங்கே தெரிகிறது என்று சில நிமிஷத்துக்கு ஒருதரம் வரைவார். இப்படி வரைந்தவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. 1870-ல் ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கில டாக்டர் தன் ஆராவைக் கோட்டை மதில் போல அழகாக வரைந்து வெளியிட்டார். லாஷ்லி அதோடு நிற்காமல் கடிகாரத்தையும் பார்த்தார்.

நடுவில் இருக்கும்போது கோடு மெதுவாக நகர்கிறது. ஓரத்துக்குப் போகப் போக வேகம் கூடுகிறது. ஏன்? மூளையின் பின்பக்கத்தில் பார்வைக்கான பகுதி இருக்கிறது. நாம் நேராகப் பார்க்கும் சின்ன இடத்துக்கு அங்கே காணிக் கணக்கில் நிலம். ஓரப் பார்வைக்குக் குழிக் கணக்கில்தான். அந்த நிலத்தின் மேல் ஏதோ ஒன்று ஒரே சீரான வேகத்தில் போனால், நமக்கு அது நடுவில் ஆமையாகவும் ஓரத்தில் முயலாகவும் தெரியும். தூரத்தை நேரத்தால் வகுத்தார் லாஷ்லி. நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர். இருபது நிமிஷத்துக்கு 6 சென்டிமீட்டர், உங்க கட்டைவிரல் நீளம். முன்னால் கொதிக்கும் ஓர் அலை, பின்னால் அடங்கிப்போன பகுதி. 1941-ல் இதை வெளியிட்டார். மண்டையைத் திறக்கவில்லை, கருவி எதுவும் வைக்கவில்லை.

மூணே வருஷத்தில், 1944-ல், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் இருந்த பிரேசில்காரர் அரிஸ்டிடெஸ் லியாவோ, முயல்களின் மூளையில் வலிப்பை ஆராயும்போது வேறொன்றைக் கண்டார். மூளையின் மின்துடிப்பு ஓரிடத்தில் அடங்கி, அந்த அமைதி மெல்லப் பக்கத்துக்குப் பரவியது. வேகம், கிட்டத்தட்ட அதே நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர்! இரண்டும் ஒன்றேதான் என்று பீட்டர் மில்னர் எடுத்துச் சொன்னது 1958-ல். அதே வருஷம் ஆகஸ்டில் லாஷ்லி பிரான்ஸ் நாட்டின் போய்ட்டியர்ஸ் நகரில் இறந்துபோனார்.

அதற்கப்புறம் கணித ஆட்கள் உள்ளே வந்தார்கள். நரம்பு மின்சாரத்துக்குச் சமன்பாடு எழுதிய ஆலன் ஹாட்ஜ்கின் இதற்கும் ஒன்று எழுதிப் பார்த்தார். அது புரிய நம்ம ஊர் கரும்புக் கொல்லை போதும். வெட்டு முடிந்ததும் தோகைக்குத் தீ வைப்பார்கள் இல்லையா? காய்ந்த தோகை பக்கத்துச் சூட்டில் பற்றும், எரியும், சாம்பலாகும். சாம்பல் திரும்ப எரியாது. அதனால் தீ முன்னால் மட்டும்தான் போகும். மூளையில் தீக்குப் பதில் பொட்டாசியம். கொதிக்கும் செல் பொட்டாசியத்தை வெளியே கொட்டும், அது கசிந்து பக்கத்துச் செல்லைக் கிளப்பும், கிளம்பிய செல் களைத்து மௌனமாகும். தீயின் முன்வரிசைதான் மினுங்கும் ரம்பக் கோடு, சாம்பல்தான் இருட்டுப் பகுதி. பொட்டாசியம் எவ்வளவு வேகமாகக் கசிகிறது, செல்கள் எவ்வளவு வேகமாகப் பற்றுகின்றன என்ற இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வேகம் சுமாராகக் கிடைத்துவிடும். பிளஸ் டூ கணக்குதான்!

லாஷ்லியை முழுசாகக் கொண்டாடவும் முடியாது. கறுப்பின மக்களைப் பற்றி அவர் தனிப்பட்ட கடிதங்களில் எழுதியவை படிக்கவே கூசும். தன் கண்ணையே சந்தேகப்பட்டு அளந்தவர், அந்த எண்ணத்தை மட்டும் அளந்து பார்க்கவில்லை.

2001-ல் பாஸ்டனில் ஓர் ஆய்வு. கூடைப்பந்து ஆடினால் ஆரா வரும் ஒருவரை ஆடவைத்து, உடனே ஸ்கேனில் படுக்கவைத்தார்கள். அலை ஊர்ந்து போனது திரையில் பதிவானது. நிமிடத்துக்கு 3.5 மில்லிமீட்டர்.

உங்களுக்கும் ரம்பக் கோடு வருதா? வண்டியை நிறுத்திட்டு மொபைலில் நேரத்தைக் குறிச்சு வைங்க. மெதுவாகப் பரவி ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டால் அது பெரும்பாலும் ஆராதான். ஆனால் முதல்முறை வந்தாலோ, சட்டென்று பார்வை போனாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ, எலுமிச்சை ஜூஸ் எல்லாம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.