சக்கரம் பெரிதாக இருந்தால் போதுமா? டர்போவைத் தந்த ஆல்ஃபிரட் பியூகி

சென்ற ஆண்டு செமஸ்டர் விடுமுறைக்கு அலோர் காஜாவுக்குத் திரும்பியிருந்தேன். என் தாய்மாமா லோரி வைத்திருக்கிறார். தோட்டங்களிலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுவதுதான் அவர் பிழைப்பு. முழுச் சுமையோடு மேட்டில் ஏறும்போது லோரிக்கு மூச்சு வாங்குகிறது என்று பட்டறையில் டர்போவைக் கழற்றிப் பார்த்தார்கள். காற்றை இழுத்து எஞ்சினுக்குள் தள்ளும் கம்ப்ரஸர் சக்கரத்தின் இதழ்கள் தேய்ந்து போயிருந்தன.

பழைய அளவிலேயே புதுச் சக்கரம் போடலாம். இல்லையென்றால் அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த பெரிய சக்கரம் ஒன்று இருக்கிறது, அதைப் போடலாம். எதைப் போடுவது என்று மாமா என்னைக் கேட்டார். அக்கா மகள் இயந்திரவியல் படிக்கிறாள் என்று பட்டறையில் எல்லாரிடமும் ஏற்கெனவே பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். அத்தனை பேர் முன்னிலையில் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியதைப் போடச் சொன்னேன். பெரிய சக்கரம் என்றால் அதிகக் காற்று, அதிகக் காற்று என்றால் அதிகச் சக்தி. என் கணக்கு அவ்வளவுதான்.

லோரி சுமையோடு கிளம்பும்போதெல்லாம் கரும்புகை கக்கியது. மேட்டில் கியர் மாற்றக் காலை எடுத்தால் டர்போ படபடவென்று அடித்துக்கொண்டது. மூன்று மாதத்தில் அதன் பேரிங் போய்விட்டது. லோரி ஒரு வாரம் ஓடவில்லை. மாமா என்னை ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

எங்கே தவறினேன் என்று தேடியபோதுதான் ஆல்ஃபிரட் பியூகியின் வாழ்க்கையைப் படித்தேன். டர்போவை உலகுக்குத் தந்தவர் அவர். நான் ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிட்ட கேள்வியோடு அவர் இருபது ஆண்டுகள் போராடியிருக்கிறார்.

பியூகி 1879ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் பிறந்தார். சுல்சர் என்ற புகழ்பெற்ற இயந்திர நிறுவனத்தின் ஊர் அது. அவருடைய தந்தை அந்நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர். அதே 1879இல், டைபாய்டு காய்ச்சலால் இறுதித் தேர்வைத் தவறவிட்ட ஜெர்மானிய மாணவர் ஒருவர் அடுத்த தேர்வுக்காகக் காத்திருந்த காலத்தில் அதே சுல்சர் ஆலைக்கு வந்து பயிற்சி பெற்றார். அவர் பெயர் ருடால்ஃப் டீசல். டீசல் எஞ்சினை உருவாக்கியவரும், பிற்காலத்தில் அதற்கு டர்போவைப் பொருத்தியவரும் ஒரே ஊரோடு தொடர்புடையவர்கள் என்பது வியப்பாக இருக்கிறது, இல்லையா?

பியூகி 1899இல் சூரிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1903இல் பட்டம் பெற்றார். பின்னர் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பழகினார். அந்த நாட்களில் ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சூடான புகையாக வெளியே போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய எண்ணெயின் சக்தி வீணாகக் காற்றில் கலக்கிறது. அதை ஏன் வேலை வாங்கக் கூடாது?

1905 நவம்பர் 16ஆம் தேதியிட்ட காப்புரிமையில் அவர் தம் விடையைப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 26. வெளியேறும் புகை ஒரு டர்பைனைச் சுற்ற வேண்டும். அந்தச் சுழற்சி ஒரு கம்ப்ரஸரை இயக்கிக் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ள வேண்டும். காற்று கூடினால் அதிக எரிபொருளை முழுமையாக எரிக்கலாம். எஞ்சின் அதே அளவில் இருக்க, சக்தி மட்டும் கூடும்.

யோசனை சரிதான். ஆனால் அதைச் செய்துகாட்ட அன்றைய தொழில்நுட்பம் போதவில்லை. அக்காலக் கம்ப்ரஸர்கள் தாம் வாங்கிய சக்தியில் பெரும்பங்கை வெப்பமாக வீணாக்கின. டர்பைனின் உலோகம் புகையின் சூட்டைத் தாங்கவில்லை. சுல்சரில் சேர்ந்து சோதனைகளைத் தொடர்ந்தார். 1915இல் ஒரு மாதிரி உருவானது. அது நம்பகமாக ஓடவில்லை, உற்பத்திக்கும் போகவில்லை. காப்புரிமை பெற்றுப் பத்தாண்டுகள் கடந்தும் கையில் வெற்றி இல்லை. வேறொருவராக இருந்தால் அங்கேயே விட்டிருப்பார்.

பியூகி தம் யோசனையைக் கைவிடவில்லை. அதே நேரத்தில், கண்ணை மூடிக்கொண்டு அதையே பிடித்துக்கொண்டிருக்கவும் இல்லை. டர்பைன், கம்ப்ரஸர், எஞ்சின் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதில் கவனத்தைத் திருப்பினார். 1925இல் பதிவு செய்த புதிய முறையில், ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றைத் தடுக்காதபடி புகைக் குழாய்களைக் குறுகலாகப் பிரித்து அமைத்தார். ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் புகை உந்தி வெளியேறும் அந்தத் துடிப்பே டர்பைனைத் தள்ளியது. உள்வரும் வால்வும் வெளியேறும் வால்வும் சற்று நேரம் சேர்ந்து திறந்திருக்க, புதுக் காற்று மிச்சப் புகையைக் கழுவித் தள்ளியது. காற்றழுத்தத்தையும் எஞ்சின் தாங்கும் அளவிலேயே வைத்தார்.

அதே ஆண்டு பத்து சிலிண்டர் டீசல் எஞ்சின்களில் டர்போவைப் பொருத்தினார். அவற்றின் சக்தி 1,750 குதிரைத் திறனிலிருந்து 2,500க்கு உயர்ந்தது. நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்ட உயர்வு! 'புரோய்சன்', 'ஹன்சஸ்டாட் டான்சிக்' என்ற இரண்டு ஜெர்மானியப் பயணிகள் கப்பல்கள் அந்த எஞ்சின்களோடு கடலில் இறங்கின. 1938இல் சுவிட்சர்லாந்தின் சாவ்ரர் நிறுவனம் டர்போ பொருத்திய லோரி எஞ்சினைத் தயாரித்தது. பியூகி 1959இல், எண்பதாவது வயதில், பிறந்த ஊரிலேயே காலமானார். இன்று நம் நெடுஞ்சாலைகளில் ஓடும் கனரக டீசல் வாகனங்களில் டர்போ இல்லாததைக் காண்பதே அரிது.

இதைப் படித்த பிறகு மாமாவின் சக்கரத்தை மீண்டும் நினைத்துப் பார்த்தேன். இந்த முறை தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டேன்.

கம்ப்ரஸர் சக்கரத்துக்கு இரண்டு விட்டங்கள் உண்டு. காற்று நுழையும் பக்கம் சிறியது, வெளியேறும் பக்கம் பெரியது. உதாரணத்துக்கு அவை 50 மில்லிமீட்டர், 68 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நுழையும் பக்கத்தை 54ஆகக் கூட்டினால் வித்தியாசம் 4 மில்லிமீட்டர்தான். ஆனால் பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே வாசல் ஏறத்தாழ 17 விழுக்காடு அகலமாகிவிடும். அதே வடிவத்தில், அதே உலோகத்தில் சக்கரம் முழுவதையும் பத்து விழுக்காடு பெரிதாக்கினால், அதைச் சுழற்றத் தடையாக நிற்கும் நிலைமம் 1.6 மடங்காகும். அதைச் சுழற்றும் புகையோ அதே அளவுதான். அதனால் சக்கரம் வேகமெடுக்கத் தாமதமாகிறது. அதற்குள் எண்ணெய் எஞ்சினுக்குள் போய்விடுகிறது, போதிய காற்று வந்து சேர்வதில்லை. கரும்புகைக்குக் காரணம் இதுதான்.

அடுத்தது, லோரி எந்த வேகத்தில் உழைக்கிறது என்ற கேள்வி. மாமாவின் எஞ்சின் 8 லிட்டர். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில், டர்போ இல்லாமல் 8,000 லிட்டர் காற்று வேண்டும். 1,200 சுற்றில் 4,800 லிட்டர் போதும். குலை ஏற்றிய லோரி தோட்டத்து மண்சாலையில் பெரும்பாலும் இந்தக் குறைந்த வேகத்தில்தான் ஊர்கிறது. ஒவ்வொரு கம்ப்ரஸருக்கும் எவ்வளவு காற்றை எவ்வளவு அழுத்தத்தில் தள்ள முடியும் என்று காட்டும் வரைபடம் உண்டு. அதன் இடது ஓரத்தில் ஓர் எல்லைக்கோடு இருக்கும். காற்றின் ஓட்டம் அந்தக் கோட்டுக்கும் கீழே குறைந்தால், அழுத்திய காற்று திரும்பிப் பாய்ந்து சக்கரத்தை அடிக்கும். நாங்கள் கேட்ட படபடப்பு அதுதான். பேரிங்கைத் தின்றதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த வார இறுதியில் மாமாவோடு பட்டறைக்குப் போனேன். சக்கரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் காற்று போகும் வழி முழுவதையும் பார்க்கச் சொன்னேன். காற்று வடிகட்டியின் மூடி சரியாகப் பொருந்தாமல் தூசி உள்ளே போய்க்கொண்டிருந்தது. இன்டர்கூலர் ரப்பர் குழாயில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. டர்போ அழுத்திய காற்று வழியிலேயே கசிந்திருக்கிறது. இரண்டையும் சரிசெய்து, பழைய அளவிலேயே புதுச் சக்கரம் போட்டோம். லோரி இப்போது மேட்டில் சிரமப்படுவதில்லை. கரும்புகையும் இல்லை.

தம்பி தங்கைகளே, பெரிய சக்கரம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. எஞ்சினின் அளவு, அது உழைக்கும் வேகம், டர்பைனின் திறன், ஏற்றும் சுமை இவற்றோடு பொருந்தினால் அது நன்மையே செய்யும். அந்தக் கேள்விகளைக் கேட்காமலே பதில் சொன்னதுதான் என் பிழை. நாளை உங்கள் வீட்டிலும் படித்த பிள்ளை என்று நம்பி யாராவது ஒரு யோசனை கேட்பார்கள். தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். நான் அன்று வெட்கப்பட்டதற்கு மாமா கொடுத்த விலை ஒரு வார வருமானம்.