இரு கரைகளிலும் நின்றவர்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, ஏலத் தோட்டங்களைக் கடந்து, மூணாறுக்கு அப்பால் சென்றால் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் வரும். 1940-ல் அது இயங்கத் தொடங்கியபோது திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர் ஒரு தமிழர்: 1879-ல் வந்தவாசியில் பிறந்த சி.பி. ராமசுவாமி ஐயர்.

புன்னப்புரா-வயலார் துப்பாக்கிச் சூடும், 1947-ன் தனித் திருவிதாங்கூர் அறிவிப்புமே அவர் பெயரோடு முதலில் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பழியை எவரும் துடைக்க முடியாது. ஆயினும் மின்சாரத்தின் விலையும் அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதும் பேசப்படும் இக்காலத்தில், அவர் வாழ்வின் மற்றொரு பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1923 முதல் 1928 வரை சென்னை ஆளுநரின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினராக இருந்தபோது, பைக்காரா, மேட்டூர் திட்டங்களுக்கு அவர் உந்துவிசையாக இருந்தார். பைக்காரா மின்சாரம் 1932-ல் வந்தது. கோவையில் பஞ்சாலைகள் பெருகின. வாங்குவோர் திரளும்வரை காத்திராமல் அரசே முதலிடும் துணிவு அது. இன்று காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் தரப்படும் சலுகைகளின் நியாயமும் ஏறத்தாழ இதுதான்.

1936-ல் அவர் திவானானார். பள்ளிவாசல் மின்சாரத்தை நம்பி ஆலுவாய்ப் பகுதிக்கு அலுமினிய ஆலையும் உர ஆலையும் வந்தன. பெருந்தொழிலுக்கு மலிவாக மின்சாரம் தருவதும் மானியமே. உழவரின் இலவச மின்சாரத்தை மட்டும் சுமையென்று பேசுவோர் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அவரது காலத்தில்தான் பெரியாறு வழக்கும் முற்றியது. 1886-ன் குத்தகைப்படி 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டுகளுக்குத் திருவிதாங்கூர் இடம் தந்திருந்தது. அந்த நீரில் மின்சாரமும் எடுக்கச் சென்னை அரசு முனைந்தபோது, நீர் பாசனத்துக்கு மட்டுமே தரப்பட்டது என்று திருவிதாங்கூர் வாதிட்டது. நடுவர்கள் இருவரும் உடன்படாததால் வழக்கு நளினி ரஞ்சன் சாட்டர்ஜியிடம் சென்றது. 1941-ல் அவர் திருவிதாங்கூருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். சென்னைக்குப் பைக்காராவைத் தந்தவரின் அரசே சென்னையை வென்றது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இது கசக்கலாம். ஆனால் நீரிலிருந்து புதிய வருவாய் பிறந்தால், நீர் தந்தவனுக்கும் பங்கு வேண்டும் என்பது தவறான வாதமன்று. 1950களின் இறுதியில் லோயர் கேம்ப் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1970-ன் ஒப்பந்தத்தில் தமிழகம் ஏக்கருக்கு 30 ரூபாயும் மின் உற்பத்திக்குத் தனிக் கட்டணமும் தர ஒப்புக்கொண்டது.

அதைக் காண சி.பி. இல்லை. 1947 ஜூலையில் திருவனந்தபுரத்தில் வெட்டுப்பட்டு, பதவி துறந்து வெளியேறியவர், 1966 செப்டம்பரில் லண்டனில் காலமானார்.