ஏ. கே. கோபாலனார் சரிதம்

நம் மொரப்பூரைக் கடந்தோடும் இருப்புப்பாதை மேற்கே மலையாளத்தையும் வடகிழக்கே காட்பாடி, வேலூர்ப் பக்கத்தையும் இணைப்பதென்பது அன்பர் யாவரும் அறிந்ததே. அவ்விரு திசைகளோடும் தொடர்புடையது காலஞ்சென்ற ஏ. கே. கோபாலனாரின் வாழ்க்கை. 1904-இல் கண்ணூரை அடுத்த சிற்றூரிற் பிறந்த இவர், சில்லாண்டுகள் பள்ளியாசிரியராயிருந்து (எம்மனோர்க்கு இது பெருமை தருவதொன்று), 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்திற் புகுந்து சிறையேகினர். எல்லா வகுப்பாரும் ஆலயத்துட் புகுதல் வேண்டுமென 1931-இல் குருவாயூரில் நிகழ்ந்த கிளர்ச்சியில் தொண்டர்படைத் தலைவராய் நின்று அடியுண்டனர். பின்னர்ப் பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்தனர். அக்கட்சிக் கொள்கையை ஏற்பாரும் மறுப்பாரும் நம்முள் உளர். யாம் ஈண்டுக் கூறப்புகுந்தது அதுவன்று.

நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டின் இறுதியில் இவர் மீண்டும் சிறைப்பட்டார். இவர்மேற் சுமத்திய தண்டனைகள் தள்ளுபடியாகியும் சிறைக்கதவு திறந்திலது. 1950 சனவரி 26-இல் அரசியற் சட்டம் நடைமுறைக்கு வர, ஒரு திங்களளவில் தடுப்புக்காவற் சட்டமும் வந்தது. குற்றம் செய்தமைக்கன்று, செய்யக்கூடுமென்னும் ஐயத்திற்கே ஒருவரை அடைத்து வைப்பது அது. காவலில் வைத்த காரணத்தை நீதிமன்றத்தார்க்கும் கூறலாகாதென ஒரு பிரிவும் அதனுள் இருந்தது! காரணத்தை வாய்திறந்து கூறவொண்ணாதவன் தன் வழக்கை எங்ஙனம் உரைப்பான்? மார்ச்சு 1-இல் அச்சட்டத்தின்படி இவருக்குப் புதிய ஆணை கொடுக்கப்பட்டது. இவர் நேரே உச்ச நீதிமன்றத்தை நாடினார், எம். கே. நம்பியார் இவர்க்காக வாதித்தார்.

மே 19-இல் நீதிபதிகள் அறுவர் தீர்ப்புரைத்தனர். சட்டமன்றம் வகுத்த நெறிப்படி உரிமை பறிக்கப்படுமாயின், அந்நெறி நேரியதோ அன்றோவென ஆராய்தல் நீதிமன்றத்தின் பணியன்று என்பது பெரும்பான்மையோர் துணிபு. காரணத்தை மறைக்கும் பிரிவை மட்டும் செல்லாதென நீக்கி, மனுவைத் தள்ளினர். நீதிபதி பசல் அலியோ, அறிவிப்புத் தருதலும், தன் பக்கத்தைக் கூற இடமளித்தலும், நடுநிலையாளர் விசாரித்தலும் சட்டநெறி என்பதனுள்ளேயே அடங்குமென மாறுபட்டார். எமக்கு அவர் கூற்றே அறத்தோடு பொருந்தியதாகத் தோன்றுகிறது. கோபாலனார்க்கேனும் வழக்கறிஞரும் கட்சியும் துணை நின்றனர். பெயர் விளங்காத உழவனும் கூலியாளும் அவ்வாறு அடைபட்டால் யார் வாதிப்பார்?

1952 முதல் கோபாலனார் நாடாளுமன்றத்தில் வீற்றிருந்தார். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 ஏப்ரல் 28-இல், காவலில் உள்ளோர் விடுதலை வேண்டி உயர் நீதிமன்றத்தை அணுகவே உரிமையிலர் என்று அவ்வுச்ச நீதிமன்றமே உரைத்ததையும் இவர் கண்டார். நெருக்கடிநிலை நீங்கிய மறுநாள், 1977 மார்ச்சு 22-இல், இவர் இயற்கை எய்தினர். பசல் அலி 1959-இலேயே மறைந்தார். சட்டம் வகுக்கும் நெறியும் நேரியதாயிருத்தல் வேண்டுமென அந்நீதிமன்றம் ஏற்றது 1978 சனவரி 25-இல். அவ்வழக்கு மேனகா காந்தியின் கடவுச்சீட்டைப் பற்றியது.