அச்சகம் ஈன்ற மின்சுற்று

வானொலியைத் திறந்தாலும், கைப்பேசியைத் திறந்தாலும், பேருந்து நடத்துநர் கையிலுள்ள டிக்கெட் கருவியைத் திறந்தாலும் உள்ளே ஒரு பச்சைப் பலகை இருக்கும். கம்பிகளுக்குப் பதிலாகத் தாமிரக் கோடுகள் ஓடும் அதற்கு அச்சு மின்சுற்றுப் பலகை என்று பெயர். அதன் தந்தை எனப் போற்றப்படுபவர் பால் ஐஸ்லர். சிவகாசி அச்சகங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அவர் வரலாறு அயலார் வரலாறாகத் தோன்றவில்லை.

ஐஸ்லர் 1907-ஆம் ஆண்டு வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1930-இல் பொறியியல் பட்டம் பெற்றார். யூத எதிர்ப்பு ஓங்கியிருந்த அந்நாளில் படிப்புக்கேற்ற வேலை கிட்டவில்லை. சிறிது காலம் பெல்கிரேடில் பணி. பின்னர் வியன்னா திரும்பிப் பத்திரிகைத் தொழிலையும் அச்சகத்தையும் சார்ந்து பிழைப்பு. பட்டம் பெற்ற பொறியாளருக்கு இது இறக்கமன்றோ எனலாம். இதுவே அவர் பயின்ற இரண்டாம் கல்லூரி என்பேன் நான்.

பழைய அச்சகங்களில் படம் அச்சிடுவதற்கு ‘பிளாக்’ செய்வார்கள். தாமிரத் தகட்டில் படம் நிற்க வேண்டிய இடத்தைப் பூச்சால் மூடி, பெரிக் குளோரைடு கரைசலில் இட்டால் மூடாத தாமிரம் கரைந்துபோகும்; மூடிய இடம் மேடாக நிற்கும். அந்நாளைய வானொலிப் பெட்டியிலோ ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு கம்பியை வெட்டி, முனை சீவி, கையால் பற்றவைத்தனர். படத்துக்குப் பதிலாக மின்சுற்றையே அரித்தெடுத்தால் என்ன? இதுதான் ஐஸ்லரின் எண்ணம்.

1936-இல் இங்கிலாந்து சென்றவர், இலண்டன் ஹாம்ஸ்டெட் பகுதியில் தாம் தங்கியிருந்த விடுதியிலேயே அச்சு மின்சுற்று கொண்ட வானொலியை உருவாக்கினார். ஆய்வுக்கூடமன்று, தங்கும் விடுதி! இன்று நம்மில் சிலர் வீட்டில் செய்வதும் அதே வேலைதான். தாமிரம் ஒட்டிய பலகையைத் தேய்த்துக் கழுவி, அழியாத மையால் சுற்றை வரைந்து, பிளாஸ்டிக் தட்டில் கரைசலிட்டு மெல்ல ஆட்டினால் சிறிது நேரத்தில் கோடுகள் மட்டும் மிஞ்சும். (நிப்புக்குப் பேர்போன சாத்தூரில் பிறந்ததாலோ என்னவோ, பெயிண்டை நிப்பால் தொட்டு வரைவதே எனக்குப் பிடித்தம்.) எவர்சில்வர் பாத்திரம் கூடாது, கரைசல் அதையும் தின்றுவிடும். தாமிரம் கலந்த மிச்சத்தை வாய்க்காலில் கொட்டவும் கூடாது.

ஐஸ்லர் தம் கண்டுபிடிப்பைப் பிளெஸ்ஸி நிறுவனத்திடம் கொண்டுபோனார். ஏற்கவில்லை. கம்பி பற்றவைக்கும் பெண்களின் உழைப்பு மலிவாகக் கிடைக்கையில் இப்புதுமை எதற்கு என்பதே காரணம். இதைப் படித்தபின் அடுத்த பக்கம் திருப்ப எனக்கு மனம் வரவில்லை. கட்டை அடுக்கியும் தீப்பெட்டி ஒட்டியும் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்களின் ஊர் இது. என் தாயும் அவர்களில் ஒருவர். அவர்கள் கை மலிவாய் இருக்கும்வரை முதலாளிக்குப் புதுக்கருவி தேவைப்படாது. கருவி வந்தாலோ முதலில் வேலை இழப்பதும் அவர்களே. இரண்டில் எதை நான் விரும்புவது?

உலகப்போர் மூண்டதும், ஹிட்லருக்குத் தப்பி வந்த அவரையே பகைநாட்டவர் என்று ஆங்கிலேயர் காவலில் வைத்தனர். 1941-இல் விடுதலை. முடிவில் அவருக்குக் கைகொடுத்தது ஒரு லித்தோ அச்சகம்! ஆனால், சரிவரப் படிக்காமலே அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, கண்டுபிடிப்பின் உரிமை ஒரு பவுண்டுக்கு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அதன் துணை நிறுவனமான டெக்னோகிராப்பில் ஒரு பங்கு மட்டும் அவருக்கு. காப்புரிமைக்கு 1943 பிப்ரவரியில் விண்ணப்பித்தார். போருக்குப்பின் உலகமே அவர் முறையைக் கையாண்டது. உரிமைத்தொகை கேட்டுத் தொடுத்த வழக்கில் 1963-இல் அமெரிக்க நீதிமன்றம் அக்காப்புரிமை செல்லாது என்றது.

அதற்கு முன்பே, 1957-இல், ஐஸ்லர் டெக்னோகிராப்பை விட்டு விலகியிருந்தார். மெல்லிய உலோகத்தாளில் மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கும் வழிகளை ஆராய்ந்தார். சுவரை வெதுவெதுப்பாக்கும் தாள் அவற்றுள் ஒன்று. 1992-இல் இலண்டனில் காலமானார். 1942-இல் அவர் செய்த வானொலி இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.